வாசல் பக்கம் திரும்பும் காது

வேல்ஸின் நடுப்பகுதியில், மலையும் ஆட்டுப்பட்டியுமாகக் கிடக்கும் ஒரு வட்டாரத்தில் டெவி ரீஸ் என்றொரு குடும்ப மருத்துவர் இருந்தார். கணவனையோ மனைவியையோ பறிகொடுத்த 293 பேரை அவர் நேரில் பார்த்துப் பேசினார். அவர்களிடம் அவர் முக்கியமாகக் கேட்டது, போனவர் இன்னும் கூடவே இருப்பதுபோல எப்போதாவது தோன்றியதுண்டா என்பதைத்தான். கிட்டத்தட்டப் பாதிப் பேர் உண்டு என்றார்கள். பெரும்பாலோருக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரி ஓர் உணர்வு. சிலர் குரலைக் கேட்டிருந்தார்கள். சிலர் கண்ணாலேயே பார்த்திருந்தார்கள். 1971இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த அந்த ஆய்வில் என்னை நிறுத்தி வைத்த செய்தி வேறு. அப்படி உணர்ந்தவர்களில் பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் வாய்திறந்து சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்ற கூச்சம்.

நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களிடமும் இல்லறம் நன்றாக அமைந்தவர்களிடமும்தான் இந்த அனுபவம் கூடுதலாகத் தென்பட்டது. பலருக்கு அது பயமாக இல்லை, துணையாக இருந்தது. "சாயங்காலம் கேட்டைத் திறக்கிற சத்தம் கேக்குது, எழுந்து போய்ப் பாத்தா யாரும் இல்ல" என்று மூன்றாம் மாதத்தில் ஓர் அம்மா சொன்னால், நம் வீடுகளில் ஒருவர் பரிகாரம் கேட்க ஜோசியரிடம் ஓடுவார். இன்னொருவர் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று ஸ்கேன் எடுக்கக் கிளம்புவார். இரண்டுக்கும் அவசரமில்லை. முப்பது நாற்பது வருஷமாக அந்தக் காது செய்துவந்த வேலையைத்தான் இப்போதும் செய்கிறது.

ஏன் செய்கிறது என்பதற்கு ஒரு தடயம் நார்வேயின் ட்ரோன்ட்ஹைம் நகரில், எலிகளிடமிருந்து கிடைத்தது. மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவரும் மூளை இடத்தை எப்படி அறிகிறது என்று கண்டறிந்ததற்காக 2014இல் நோபல் பரிசு பெற்றவர்கள். எலியின் மூளைக்குள் மயிரிழை போன்ற மின்முனைகளைப் பொருத்தி, அது பெட்டிக்குள் திரியும்போது எந்த நியூரான் எப்போது துடிக்கிறது என்று குறித்துக்கொள்வது அவர்கள் ஆய்வுக்கூடத்தின் வழக்கம். பெட்டிக்குள் ஒரு பொருளை வைத்துச் சில தடவை எலியை உலவ விட்டார்கள். பிறகு அதை எடுத்துவிட்டார்கள். எலி அந்த வெற்றிடத்தைக் கடக்கும்போது சில நியூரான்கள் துடித்தன. முன்பு அங்கே பொருள் இருந்த இடம் என்பதைத் தவிர அந்த இடத்தில் எதுவுமில்லை. நாட்கள் சில கழிந்த பிறகும் துடிப்பு தொடர்ந்தது. இது வெளியானது 2013இல்.

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் துக்கத்தை ஆராயும் மேரி-ஃபிரான்சஸ் ஓ'கானர், 2022இல் எழுதிய தன் நூலில் இந்த எலிகளைக் கூப்பிட்டுச் சாட்சிக்கு நிறுத்துகிறார். நமக்கு வேண்டியவர்களைப் பற்றி மூளை எப்போதும் ஒரு வரைபடம் வைத்திருக்கிறது என்பது அவர் வாதம். ஆள் எங்கே, எப்போது கிடைப்பார், நமக்கு எவ்வளவு நெருக்கம் என்ற மூன்றும் அதில் உண்டு. கணவர் கடைக்குப் போயிருக்கிறார், எட்டரைக்கு வருவார் என்று அது நாள் முழுக்கக் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். எட்டரை மணி ஒன்பதரை ஆனால் கை தானாக போனைத் தேடும். அவர் இறந்த நாளில் வேறொரு பதிவு மூளையில் ஏறுகிறது: ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், சங்கு, சுடுகாடு. அந்த நினைவு துல்லியமானது, யாரும் அதை மறுப்பதில்லை. ஆனால் பழைய வரைபடம் ஒரே நாளில் அழிவதில்லை. இரண்டும் ஒரே தலைக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. பல் விழுந்த இடத்தை நாக்கு போய்ப் போய்த் தடவிப் பார்க்கிற மாதிரி, மூளை அந்த இடத்துக்கே திரும்புகிறது. எலியிடமிருந்து மனிதருக்குத் தாவும் இந்த வாதம் ஒரு கருதுகோள்தான், நிரூபணம் ஆகிவிடவில்லை. என்றாலும் துக்க வீட்டில் நடக்கிற பல விசித்திரங்களை இதைவிட நன்றாக விளக்கும் வேறொன்றை நான் படித்ததில்லை.

இப்படிப் பார்த்தால் துக்கம் என்பது ஒரு விதப் படிப்பு. ஆள் வரமாட்டார் என்பதை ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் தனித்தனியாகப் படிக்க வேண்டியிருக்கிறது. அவரில்லாத முதல் பொங்கல், அவர் கையெழுத்தில்லாத முதல் ரேஷன் கார்டு வேலை, அவரைக் கூப்பிடாமல் தானே மாற்றும் முதல் கேஸ் சிலிண்டர். நேற்று சமாளித்தவர் இன்று பாகற்காயைப் பார்த்து மார்க்கெட்டில் நின்று அழுவதற்கு அதுதான் காரணம். பாகற்காய்ப் பாடம் அன்றுதான் வந்தது.

எரிக் லிண்டெமான் என்ற மனநல மருத்துவர் இந்தத் திடீர்த் தாக்குதலை 1944இலேயே எழுதிவைத்தார். பாஸ்டன் நகரின் கோகோநட் குரோவ் என்ற கேளிக்கை விடுதியில் 1942 நவம்பர் 28 அன்று தீப்பிடித்து 492 பேர் மாண்டார்கள். அதில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களையும் வேறு சிலரையும் அவர் கவனித்தார். தொண்டை இறுகும், மூச்சு முட்டும், பெருமூச்சு வரும், வயிறு காலியானது போலிருக்கும். இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை நீடித்துவிட்டு அடங்கும் என்று அவர் குறித்தார். இந்த அலை உயரும், உடையும், வடியும். அது வடிந்துவிடும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது, அதற்குள் மாட்டியவருக்குச் சின்ன உதவி இல்லை.

இப்போது அந்த ஐந்து கட்டங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. யூடியூபில் துக்கம் என்று தேடினாலே இந்த ஏணி வந்து நிற்கிறது. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிய நூலில் இது வந்தபோது அவர் பேசியிருந்தது சாகப்போகும் நோயாளிகளிடம். தன் மரணத்தை எதிர்நோக்குபவரின் மனநிலை அது. பின்னால் உயிரோடு தங்கிவிட்டவர்களின் துக்கத்துக்கும் அதே ஏணியைச் சாத்தி வைத்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தார் இழப்புக்கு ஆளான 233 பேரைத் தொடர்ந்து கவனித்து 2007இல் எழுதினார்கள்: ஏற்பு என்பது கடைசியில் வருவதாக இல்லை, ஆரம்பத்திலிருந்தே அதுதான் எல்லாவற்றையும்விட வலுவாக இருந்தது. கசப்பான உணர்வுகளில் முதலிடம் பிடித்தது கோபமோ மனச்சோர்வோ அல்ல, ஏக்கம்.

ஏணி தவறு என்பதோடு தீங்கும்கூட. "எனக்குக் கோபமே வரலியே, நான் சரியாத்தான் துக்கப்படுறேனா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இழப்போடு சேர்த்து, பரீட்சையில் தோற்றுவிட்ட குறையையும் சுமக்க வைப்பது என்ன நியாயம்?

இதற்கு நேரெதிரான பழிச்சொல்லும் நம்மிடம் உண்டு. "ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியே, கல்லு மனசுக்காரி." கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் பொனானோ இந்தப் பேச்சுக்குச் சரியான பதில் வைத்திருக்கிறார். துக்க ஆய்வுகளில் பெரிய சங்கடம், ஆள் இறந்த பிறகுதான் மிச்சமிருப்பவரைச் சந்திக்க முடிகிறது என்பது. அதற்கு முன் அவர் எப்படி இருந்தார் என்று யாருக்குத் தெரியும்? டெட்ராய்ட் வட்டாரத்தில் வயதான தம்பதிகள் பலரை முன்கூட்டியே பேட்டி கண்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஓர் ஆய்வு இருந்தது. அவர்களில் துணையை இழந்த 205 பேரின் தகவல்களை எடுத்துக்கொண்டு 2002இல் பொனானோவும் சகாக்களும் பார்த்தார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் முன்பும் பின்பும் பெரிய மனச்சோர்வு இல்லாமல் இருந்தார்கள். அவர்கள் அன்பில்லாதவர்கள் என்று காட்ட எதுவும் கிடைக்கவில்லை. அவர்களுக்கும் ஏக்கம் இருந்தது, நினைத்தால் நெஞ்சு கனத்தது. அன்று அழாதவர் பின்னால் ஒருநாள் வெடிப்பார் என்பதற்கும் ஆதாரம் தேறவில்லை. பத்தில் ஒருவருக்கோ மனச்சோர்வு குறைந்தே போயிருந்தது. நோயாளித் துணையை வருடக்கணக்கில் தூக்கி எடுத்துப் படுக்க வைத்தவருக்கு இது புரியும். இன்னும் சிலருக்கு அது திருமணச் சிறையிலிருந்து கிடைத்த விடுதலை. இதை வெளியே சொல்ல நம்மூரில் யாருக்குத் துணிச்சல் வரும்?

போனவரைப் பற்றிப் பேசும்போது சிரிப்பு வந்தால் குற்ற உணர்வு தேவையில்லை. துணையை இழந்து ஆறு மாதமானவர்கள் பேசுவதை வீடியோ எடுத்து, முகத்தசைகளைக் கூர்ந்து பார்த்த ஆய்வொன்றை டாக்கர் கெல்ட்னரும் பொனானோவும் 1997இல் வெளியிட்டார்கள். கண்ணோரம் சுருங்க, மனசாரச் சிரித்தவர்களே துயரத்தைக் கூடுதலாகச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். பாடையைத் தூக்கிய மறுநாளே திண்ணையில் தாத்தாவின் குசும்புகளைச் சொல்லிச் சிரிக்கும் பேரன்களை அதட்டாமல் விடலாம்.

சரி, ஆரோக்கியமாகத் துக்கம் காப்பது எப்படி? நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபெ, ஹெங்க் ஷுட் இருவரும் 1999இல் ஒரு விளக்கம் தந்தார்கள். இழந்தவருக்கு இரண்டு வேலைகள். இழப்பைப் பார்த்து அழுவது, நினைப்பது, ஏங்குவது ஒன்று. மாறிப்போன வாழ்க்கையைக் கவனிப்பது, அதாவது வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகம் போவது, பாங்கில் நாமினி படிவம் நிரப்புவது, பிள்ளைக்கு டிபன் கட்டுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது; ஒன்றை மட்டும் செய்துகொண்டிருக்கவும் கூடாது. இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் போய் வருவதுதான் ஆரோக்கியம் என்கிறார்கள். காலையில் அழுதுவிட்டு மாலையில் சீரியல் பார்ப்பவரை ஏளனம் செய்ய வேண்டாம், அவர் முறையாகவே துக்கப்படுகிறார். நாள் முழுக்க ஆபீஸ் வேலையில் முங்கிக்கொண்டு வீட்டுக்கு வரவே பயப்படுபவரும், ஆறு மாதமாகப் படுக்கையை விட்டு எழாதவரும் ஏதோ ஒரு பக்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள்.

இதே ஷுட்டும் சகாக்களும் 1997இல் செய்த இன்னொரு சோதனை ருசியானது. துணையை இழந்தவர்களுக்கு இரண்டு வகை ஆலோசனை தரப்பட்டது. ஒன்றில் உணர்ச்சிகளைப் பேசினார்கள். இன்னொன்றில் அன்றாடச் சிக்கல்களைத் தீர்த்தார்கள். உணர்ச்சியைப் பேசிய ஆண்களும் சிக்கலைத் தீர்க்கக் கற்ற பெண்களும்தான் அதிகப் பயனடைந்தார்கள். அவரவர் இயல்பாகச் செய்யாத பக்கத்துக்குத் தள்ளிவிட்டதும் பலன் தெரிந்தது. அப்பா இறந்தால் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து அழ வைப்பதும், அம்மா இறந்தால் அப்பாவுக்கு ஹோட்டல் சாப்பாடு ஏற்பாடு செய்துவிட்டு ஊர் திரும்புவதும் நம் வழக்கம். சோதனையின் முடிவைப் பார்த்தால் அம்மாவுக்கு ஏடிஎம் கார்டைப் பயன்படுத்தவும், குடும்ப ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்கவும் சொல்லித்தர வேண்டும். அப்பாவை உட்கார வைத்து அம்மாவைப் பற்றிப் பேசச் சொல்ல வேண்டும்.

நம் சடங்குகளை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. முதல் நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியாது, சாப்பாடு பங்காளி வீட்டிலிருந்தோ சம்பந்தி வீட்டிலிருந்தோ வரும். பால் தெளிப்பு, எட்டாம் நாள், பதினாறாம் நாள் காரியம் என்று தேதி போட்டு அழ இடம் உண்டு. அந்தத் தேதிகளுக்கு நடுவில் அரிசி வாங்க, பந்தல்காரருக்குப் பணம் கொடுக்க, பத்திரிகை அடிக்க வேலையும் உண்டு. ஒப்பாரி சொல்லும் பாட்டி இறந்தவரின் குணத்தை, அவர் வாங்கிய பசுமாட்டை, கட்டிய வீட்டை வரிசையாகச் சொல்லி அழுது, மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து "பிள்ளைங்க சாப்பிட்டுச்சா?" என்று கேட்பார். உட்ரெக்ட் பேராசிரியர்கள் அவரைப் பார்த்திருந்தால் குறிப்பெடுத்திருப்பார்கள். முஸ்லிம் வீடுகளில் துக்கத்துக்கு மூன்று நாள் என்றும், கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாள் என்றும் எல்லை இருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள்.

சடங்குக்குப் பலன் உண்டா என்று மைக்கேல் நார்ட்டனும் ஃபிரான்செஸ்கா ஜீனோவும் 2014இல் சோதித்தார்கள். சடங்கில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் அது துயரத்தைக் குறைத்தது. கை நழுவிப்போன வாழ்க்கை கொஞ்சம் தன் பிடிக்குள் வந்த உணர்வைத் தந்தது. அவர்களிடம் மக்கள் விவரித்த சடங்குகளில் பெரும்பாலானவை ஐயரோ பாதிரியாரோ நடத்தியவை அல்ல, தாங்களாக வைத்துக்கொண்டவை. ஒரு பெண், கணவர் செய்த மாதிரியே வாராவாரம் அவருடைய காரைக் கழுவினார்.

ஆனால் நம் சடங்குகள் எல்லாமே மருந்து என்று சொல்ல மாட்டேன். கணவனை இழந்தவளைக் கூட்டத்தின் நடுவே உட்கார வைத்துப் பூவும் பொட்டும் வளையலும் அகற்றுவது, பிறகு நல்ல காரியங்களில் ஒதுக்கி வைப்பது, இதற்கு எந்த ஆய்வும் முட்டுக்கொடுக்காது. துக்கத்திலிருந்து மீள்வதற்கு அவளுக்கு மிகவும் தேவைப்படுவது மனிதர்களின் அருகாமை. அதைத்தான் இந்த வழக்கம் பறிக்கிறது. இன்னொரு குறை, எல்லாம் முதல் பதினாறு நாளிலேயே குவிந்துவிடுவது. பந்தலைப் பிரித்ததும் கூட்டம் கலைந்துவிடும். வரைபடத்தைத் திருத்தும் வேலை உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது. இரண்டாம் நாள் கூட்டத்தோடு கூட்டமாகக் கேதம் கேட்டு வருபவரைவிட, நாற்பதாம் நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் வந்து உட்காருபவர் பெரிய உபகாரி.

இறந்தவரோடு உறவை அறுத்துக்கொண்டால்தான் மீள முடியும் என்று மேற்கே நீண்ட காலம் நம்பினார்கள். சிக்மண்ட் ஃப்ராய்ட் 1917இல் எழுதிய கட்டுரைதான் அதற்கு ஊற்று: மனம் இறந்தவரிடம் போட்டுவைத்த பற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி வேறிடத்தில் வைக்க வேண்டும். மூன்று ஆண்டு கழித்து அவருடைய மகள் சோஃபி இன்ஃப்ளுயன்சாவில் இறந்தாள். 1929இல், மகனை இழந்த ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அதே ஃப்ராய்ட், அந்த இடத்தை எது வந்து நிரப்பினாலும் அது வேறொன்றாகத்தான் இருக்கும், அப்படி இருப்பதே சரி என்ற பொருளில் எழுதினார். கோட்பாட்டைத் தகப்பன் திருத்திவிட்டார். ஆய்வாளர்கள் திருத்த இன்னும் பல காலம் பிடித்தது. டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் தொகுத்த 1996ஆம் ஆண்டு நூலுக்குப் பிறகுதான், உறவு தொடரலாம், அதன் வடிவம் மட்டும் மாறுகிறது என்ற பார்வை நிலைபெற்றது. மாலை போட்ட போட்டோவுக்குக் கீழே சின்ன பல்பு எரிய, மகளுக்கு வரன் வந்திருக்கும் செய்தியை முதலில் அந்தப் போட்டோவிடம் சொல்லும் வீடுகளுக்கு இந்த நூல் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

மனதைப் பேசும்போது உடம்பை மறந்துவிடுகிறோம். இங்கிலாந்தில் மனைவியை இழந்த, 55 வயதும் அதற்கு மேலுமான 4,486 ஆண்களைக் காலின் மர்ரே பார்க்ஸும் சகாக்களும் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஆறு மாதத்தில் இறந்தவர்கள், அதே வயதுள்ள மணமானவர்களில் எதிர்பார்க்கக் கூடியதைவிட 40 சதவீதம் அதிகம் என்று 1969இல் எழுதினார்கள். பெரும் பங்கு இதய நோய். 2012இல் அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்த 1,985 பேரை விசாரித்த ஆய்வில், நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் வழக்கத்தைவிட 21 மடங்கு என்று தெரிந்தது. பிறகு நாளுக்கு நாள் அது இறங்கியது. 21 என்றதும் பதற வேண்டாம். ஒரு நாளில் ஒருவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பே மிகச் சிறியது, அதன் மடங்கும் சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவருக்கும் சர்க்கரைக்காரருக்கும் அது அலட்சியப்படுத்தும் விஷயமில்லை. ஜப்பானியர் 1990இல் முதன்முதலாக விவரித்த 'டக்கோட்சுபோ' என்ற நிலையில், அதிர்ச்சியால் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் பொங்கி இதயத்தின் இடக் கீழறை தற்காலிகமாகப் பலமிழந்து உப்பிவிடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது அதிகம். அறிகுறி மாரடைப்பு போலவே இருக்கும், ரத்தக் குழாயில் அடைப்பு இருக்காது, பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள்.

ஆகையால் துக்க வீட்டில் மிகப் பயனுள்ள ஆள் யாரென்றால், அடக்கத்துக்கு நேரம் பார்ப்பவரைவிட, அந்த அம்மா காலை பிரஷர் மாத்திரையைப் போட்டாரா என்று பார்ப்பவர்தான். மூன்று நாள் சாப்பிடாமல், தூங்காமல், இன்சுலின் போடாமல் கிடப்பதைப் பாசத்தின் அடையாளம் என்று ஊர் மெச்சும், உடம்பு மெச்சாது. துயரத்தில் இருப்பவருக்கு நெஞ்சுவலி என்றால் "மனசு வேதனைதான்" என்று தட்டிக்கழிக்காமல் ஈசிஜி எடுத்துவிட வேண்டும். சாவு வீட்டுக்குப் பின்புறம் ஆண்களுக்கு என்று வாங்கி வைக்கும் குவார்ட்டர் பாட்டில், சிலருக்கு வருடம் முழுக்க நீண்டுவிடுவதும் இங்கே சொல்ல வேண்டியதுதான்.

இழப்புக்கு ஆளான எல்லோரையும் கவுன்சலிங்குக்கு அனுப்ப வேண்டுமா? வேண்டாம். துக்கத்துக்கான சிகிச்சைகளைச் சோதித்த ஆய்வுகளை மொத்தமாக அலசிய ராபர்ட் நீமெயர் குழுவினர் 2008இல் கண்டது, வேண்டுமா வேண்டாமா என்று பாராமல் எல்லோருக்கும் கொடுத்தால் பெரிய பலனில்லை, திணறுகிறவர்களுக்குக் கொடுத்தால் பலனுண்டு என்பதே. மனதில் உள்ளதைக் காகிதத்தில் கொட்டு என்ற அறிவுரையும் அப்படித்தான். புதிதாகத் துணையை இழந்தவர்களிடம் ஸ்ட்ரோபெ குழுவினர் 2002இல் சோதித்தபோது எழுதியவர்கள் எழுதாதவர்களைவிட வேகமாகத் தேறவில்லை. எழுதப் பிடித்தால் எழுதலாம். பேசப் பிடிக்காதவரைப் பேச வைப்பதில் புண்ணியமில்லை.

போய் உட்காருபவர் என்ன பேசுவது? "அவ்வளவுதான் குடுத்து வெச்சது", "இன்னும் ஒரு புள்ள இருக்கே" போன்றவற்றை வாசலிலேயே விட்டுவிடலாம். "என்ன வேணும்னாலும் கேளுங்க" என்பதும் வெறும் மரியாதைதான், துக்கத்தில் இருப்பவருக்கு என்ன கேட்பதென்றே தெரியாது. "வியாழக்கிழமை இறப்புச் சான்றிதழ் வாங்க நான் போறேன், ஆதார் நகல் குடுங்க" என்றால் வேலை நடக்கும். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசத் தயங்க வேண்டியதில்லை. பெயரைச் சொன்னதால்தான் நினைவு வந்து அழுதார் என்று எண்ணுவது தவறு. நினைவு எப்போதும் அங்கேதான் இருக்கிறது.

குழந்தைகளிடம் பொய் சொல்லாமலிருப்பது நல்லது. அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்றால் குழந்தை காத்திருக்கும். தூங்குகிறார் என்றால் இரவில் தூங்கப் பயப்படும். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு இறந்தவர் திரும்ப மாட்டார் என்று விளங்கிவிடுகிறது. அதற்குக் குறைந்த வயதில் அதே கேள்வியைப் பத்துத் தடவை கேட்கும், பத்துத் தடவையும் அதே பதிலைச் சொல்ல வேண்டியதுதான். பத்து நிமிடம் அழுதுவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போய்விடும் பையனுக்குத் துக்கமில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

உடலே கிடைக்காத மரணம் தனி ரகம். பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடு பேசி இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத குமரி மீனவர்களின் வீடுகளிலும், இலங்கைப் போரிலும் அதன் முடிவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களை ஏந்தி 2017 முதல் கிளிநொச்சியில் உட்கார்ந்த தாய்மார்களிடமும் இருப்பது இந்தத் துயரம். மூளைக்கு இரண்டாவது பதிவே கிடைக்கவில்லை, பழைய வரைபடத்தை எதை வைத்துத் திருத்துவது? இவர்களிடம் "ஏத்துக்கோங்க" என்பது கொடுமை. அவர்கள் கேட்பது தகவல்.

பெரும்பாலோருக்கு அலைகளின் இடைவெளி மாதங்கள் போகப் போக நீள்கிறது. சிலருக்கு நீள்வதில்லை. இயல்பான மரணங்களுக்குப் பின் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது என்று 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. தற்கொலை, விபத்து, கொலை, பெற்ற பிள்ளையின் சாவு என்றால் இன்னும் அதிகம். நாள் முழுக்க ஏக்கம், தன்னில் பாதி செத்துவிட்ட உணர்வு, போனவரை நினைவூட்டும் எதையும் பார்க்க முடியாமை, இனி வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் ஆகியவை தேயாமல் நின்று அன்றாட வாழ்வை முடக்கினால் அதற்கு 'நீடித்த துக்கக் கோளாறு' என்று பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் ஆறு மாதத்துக்கு மேல் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022ஆம் ஆண்டுக் கையேடு பெரியவர்களுக்கு ஓராண்டு என்கிறது. அன்பைப் போய் நோயாக்குகிறார்களே என்று எதிர்ப்பும் இருக்கிறது. அது நியாயமான கவலை. ஆனால் பெயர் இல்லாவிட்டால் இவர்களுக்கு வெறும் தூக்க மாத்திரைதான் கிடைத்துக்கொண்டிருக்கும்.

இதற்கென்றே கேத்தரின் ஷியர் என்ற மனநல மருத்துவர் 16 அமர்வுகள் கொண்ட ஒரு சிகிச்சையை உருவாக்கினார். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சாவுச் செய்தி வந்த நேரத்தை நிகழ்காலத்தில் நடப்பதுபோல் சொல்கிறார். அது பதிவாகிறது; வீட்டுக்குக் கொண்டுபோய்த் தினமும் கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சொல்லி முடித்ததும் கதையை மனசுக்குள்ளேயே மூடி வைத்துவிட்டு, தனக்குப் பிடித்த ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும். துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும் கடைசி நிமிடத்தைச் சொல்ல வைப்பதும் இதுவும் ஒன்றல்லவா என்று தோன்றும். அங்கே சொல்ல வைப்பது வந்தவரின் ஆவல், நிறுத்தும் உரிமை சொல்பவரிடம் இல்லை. இங்கே தொடங்குவதும் மூடுவதும் அவர் கையில். பின்னொரு அமர்வில் இறந்தவரோடு பேசுவதாகப் பாவித்து, அவர் தரப்புப் பதிலையும் தானே சொல்கிறார். கூடவே, எதிர்காலத்துக்கான சின்னச் சின்ன ஆசைகளைத் திட்டமிடுகிறார்கள். 2005இல் வெளியான சோதனையில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 51 சதவீதத்தினர் தேறினார்கள். மனச்சோர்வுக்கான வழக்கமான பேச்சுச் சிகிச்சையில் 28 சதவீதம். சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையைச் சேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுச் சோதனையில், மாத்திரை துக்கத்தைக் குறைக்கவில்லை. இந்தச் சிகிச்சையோடு சேர்ந்தபோது மனச்சோர்வு அறிகுறிகளை மட்டும் குறைத்தது.

இதில் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் நம்மிடையே குறைவுதான். ஆனாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். போனவரோடு தானும் போய்விட வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஆறு மாதம், ஒரு வருடம் என்று கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே அழைக்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தயங்குபவர், இறந்தது யார், எத்தனை மாதமாகிறது, நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்ற மூன்றைச் சொல்லித் தொடங்கினால் போதும். மற்றதை எதிர்முனையில் இருப்பவர் கேட்டுக்கொள்வார்.